எட்டுத்தூண் கட்டடத்தை இரண்டு தரம் அளந்தார்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எனக்கு எழுதத் திருத்தமாக வராது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், நாள் திகதி நினைவில் நிற்காது. வாசிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கட்டடத்தைப் பெருப்பிக்கப் போகிறார்கள். அதற்கு முன் அங்கே வேலை செய்தவர்களின் நினைவுகளைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போடுவதாக ரீச்சர் சொன்னார். ரீச்சர்தான் கட்டடத்தின் சொந்தக்காரி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர். "எனக்கு எழுத வராது ரீச்சர்" என்றேன். "கூட்ட வரும்தானே, அதை எழுது" என்று ஒரு கொப்பியைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

1. முதல் நாள்

வவுனியா கடைவீதியில் எட்டுத்தூண் கட்டடம் என்றால் எந்த ஓட்டோக்காரருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. முன்னுக்கு நீள விறாந்தை, விறாந்தையில் தூண்கள். எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு ஏழுதான் வரும். எட்டாவது, கந்தசாமி அண்ணையின் இரும்புக்கடைச் சுவருக்குள் போய்விட்டது. கீழே மூன்று கடைகள். கடைகளுக்கு இடையில் மரப்படி. மேலே பலகைத் தளம் போட்ட அறைகள், இப்போது புறாக்கள் இருக்கின்றன. மேல்மாடிச் சுவரில் சண்டைக் காலத்தில் விழுந்த ஓட்டைகளைப் பற்றி நான் எழுதவில்லை. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் மலைநாட்டில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு இந்தப் பக்கம் வந்தவள். கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது என் மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. பெரிய முதலாளி, அதாவது ரீச்சரின் தகப்பன், ஒரு தும்புத்தடியைத் தந்து "முதல் படியைக் கூட்டு பிள்ளை" என்றார். அதுவரை நான் மாடிப்படி கூட்டியதில்லை. கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் கீழ்ப்படியெல்லாம் மறுபடியும் தூசி. இறங்கி வந்து திரும்பவும் கீழிருந்து தொடங்கினேன். மூன்றாம் தரம் ஏறும்போது முதலாளி கடைக்காரரிடம் கேட்டார்:

"உந்தப் பிள்ளை ஏறுறதும் இறங்கிறதுமா நிக்குது. மேலை ஆரையும் தேடுதோ?"

கடைக்காரர் சிரித்தார்கள். "மேலையிருந்து கூட்டிக்கொண்டு வா பிள்ளை" என்று முதலாளி சொன்னார். எனக்கு வந்த வெட்கத்தில் படிக்குக் கீழே இருந்த இருட்டு மூலைக்குள் போய் நின்றுகொண்டேன். நல்ல குளிர்ச்சியான மூலை. மறுநாள் தும்புத்தடியை அங்கே வைத்தேன். பிறகு வாளி வந்தது, கேத்தில் வந்தது, அடுப்பு வந்தது. யாரோ ஒரு பழைய கதவையும் பொருத்தித் தந்தார்கள். அது என் அறை ஆகிவிட்டது. யாரும் தரவில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

வேலை இதுதான்: காலையில் விறாந்தையும் கடைகளும் கூட்டவேண்டும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் எல்லாருக்கும் தேத்தண்ணீர். வெள்ளிக்கிழமைகளில் மூன்று கடைகளின் நிலத்தையும் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். நடுக்கடை தையற்காரர் மரியநாயகம் முல்லைத்தீவுக் கரையார் பக்கத்து, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். வேதக்காரருக்கு மஞ்சள் தண்ணீர் எதற்கு என்று ஒருமுறை அவர் கடையை விட்டுவிட்டுப் போனேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனக்கா, எங்கடை கடை மட்டும் என்ன பாவம் செய்தது? மாதா ஒண்டும் சொல்லமாட்டா. தெளியுங்கோ."

அன்றிலிருந்து அவருக்குத்தான் முதலில் தெளிக்கிறேன்.

2. தேத்தண்ணீரோடு போன கதை

போன வருடம் ஒரு காலையில் ரீச்சர் ஒரு எஞ்சினியர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். இளம் பெண். தலையில் மஞ்சள் தொப்பி. கட்டடத்துக்குப் பின்னால் உள்ள வெறும் வளவில் மூன்று மாடியில் புதுக் கட்டடம் எழுப்பிப் பழையதோடு சேர்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் அறிந்திருந்தோம். இருவரும் மேல்மாடியில் நின்று கதைத்தார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன்.

நான் தட்டத்தை வைக்கும்போது எஞ்சினியர் பிள்ளை சொன்னது காதில் விழுந்தது:

"இந்தப் படியை எடுக்கத்தான் வேணும் ரீச்சர். புதுப்படிக்கு இடம் காணாது. பெரிய கடையா இருக்கிறதிலை கொஞ்சம் வெட்டி எடுக்கலாம்."

நான் கீழே இறங்கிவிட்டேன். பெரியவர்கள் கதைக்கும்போது நின்று கேட்கிறது மரியாதை இல்லை என்று வளர்ந்தவள் நான். கேட்ட அளவை மரியநாயகத்துக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது சொன்னேன். அது மரியாதைக் குறைவாக எனக்குப் படவில்லை. மரியநாயகம் பக்கத்தில் படமெடுக்கிற ஸ்ரூடியோப் பாலாவுக்குச் சொன்னார். பாலா கந்தசாமி அண்ணைக்குச் சொன்னார். நான் கந்தசாமி அண்ணையின் கோப்பையை எடுக்கப் போனபோது அவர் என்னிடமே சொன்னார்:

"அக்கா, கதை தெரியுமோ? ஆரின்ரை கடை பெரிசோ அவரின்ரை கடையிலை பாதியை வெட்டப் போகினமாம்."

"பாதியோ? ஆர் சொன்னது?"

"நம்பிக்கையான ஆக்கள்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதே திறந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

3. சிவப்புப் பொட்டு

அடுத்த கிழமை அளக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மூன்று கடைக்காரரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே வேலையைச் செய்தார்கள். கடையைச் சின்னதாக்கினார்கள்.

கந்தசாமி அண்ணை கூரைத் தகரங்களைக் கடை நடுவில் நிமிர்த்தி அடுக்கிச் சுவர் போலாக்கினார். மரியநாயகம் வெட்டுமேசையை நிமிர்த்தி, அதன்மேல் பள்ளிக்கூடச் சட்டைத் துணியைத் தொங்கவிட்டார். பின்னால் இரண்டு மெசினும் தைக்கிற பிள்ளைகள் இரண்டு பேரும். "அவை போகுமட்டும் மூச்சுக் காட்டக் கூடாது" என்று சொல்லிவைத்தார். பாலாவுக்குத்தான் வேலை சுகம். அவரிடம் படமெடுக்கப் பின்னால் தொங்கவிடும் அருவிப் படுதா இருந்தது. அதைக் கடையின் நடுவில் இறக்கிவிட்டார்.

எஞ்சினியர் பிள்ளையிடம் நாடா இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அமத்தினால் சிவப்புப் பொட்டு ஒன்று எதிர்ச் சுவரில் போய் விழும், உடனே கருவியில் அளவு தெரியும். எது எதிரில் நிற்கிறதோ அதுதான் அந்தக் கருவிக்குச் சுவர். ஸ்ரூடியோவில் பொட்டு அருவியின் நடுவில் விழுந்தது.

"வடிவான அருவி" என்றது பிள்ளை.

"இடம் குறைவு பிள்ளை, கலியாண வீட்டுக்காரரை வெளியிலைதான் நிப்பாட்டுறது" என்று பாலா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

தையற்கடையில் அளக்கும்போது துணிக்குப் பின்னால் ஒரு மெசின் கடகடவென்று ஓடி நின்றது. தைக்கிற பிள்ளைகளில் ஒன்று மறந்துபோய்க் காலை வைத்துவிட்டது.

"உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?"

"அது பக்கத்துக் கடை" என்றார் மரியநாயகம். பக்கத்துக் கடை ஸ்ரூடியோ. ஸ்ரூடியோவில் என்ன மெசின் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை.

இவ்வளவும் அவர்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் ஒளிந்திருந்தேன். படித்த ஆட்கள் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம். அறைக்குள் ஈரச் சீலை வேறு தொங்கியது. காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளே கொளுக்கியைப் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன். கதவு நீக்கலால் பார்த்தேன். சிவப்புப் பொட்டு அந்த நீக்கல் விளிம்பில் வந்து நின்றது.

"இது என்ன கதவு?" என்று எஞ்சினியர் பிள்ளை கேட்டது.

"அது ஒண்டுமில்லைப் பிள்ளை. பழைய சாமான் ஒண்டு கிடக்கு" என்றார் கந்தசாமி அண்ணை.

"திறந்து பாக்கலாமோ?"

"திறக்கேலாது. கனகாலமாப் பூட்டிக் கிடக்கு."

நான் சீலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் போனபின் கந்தசாமி அண்ணை கதவில் தட்டினார்.

"வெளியிலை வாங்கோ அக்கா. உங்களைக் காப்பாத்திப் போட்டன்."

4. கடதாசியில் வந்த கட்டடம்

பிறகு கொஞ்ச நாளில் ரீச்சரும் எஞ்சினியர் பிள்ளையும் பெரிய கடதாசிச் சுருளோடு வந்தார்கள். மரியநாயகம் வெட்டுமேசையைப் பழையபடி போட்டுவிட்டுத் துணியை மட்டும் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். மேசையில்தான் விரித்தார்கள். நான் தட்டத்தோடு வாசலில் நின்றேன்.

முன்பக்கம் அப்படியே இருக்கும், தூண்களில் ஒரு கல்லும் அசையாது என்று ரீச்சர் சொன்னார். மரப்படி இருக்கும் இடம் புதுக் கட்டடத்துக்குப் போகும் நடைபாதையாகும். புதுப்படி பின் வளவில் வரும். மூன்று கடைகளும் பின்னால் புதுத் தளத்துக்குப் போகும்.

"ஆருக்கும் ஒரு அடி குறையக் கூடாதெண்டு பிள்ளைக்குச் சொல்லிப் போட்டன்" என்றார் ரீச்சர். "இஞ்சை எவ்வளவு இடம் அளந்ததோ, அங்கையும் அவ்வளவு."

மேசையைச் சுற்றி நின்ற மூன்று பேரும் தொங்கிய துணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அளந்த அளவோ ரீச்சர்?" என்று கந்தசாமி அண்ணை மெல்லக் கேட்டார்.

"ஓம், அளந்த அளவு. ஏன்?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மரியநாயகமும் பாலாவும் மூன்றாம் வகுப்பில் ரீச்சரிடம் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துப் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருந்தும் ரீச்சர் முன்னால் பொய் சொன்னேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர்களுடைய கவலை அது. என்னுடைய கவலை கடதாசியில் இருந்தது. கடைகளுக்குப் பின்னால் கோட்டைச் சுவர் மாதிரி மொத்தமாகக் கறுப்பு அடித்திருந்தது. மரப்படியின் கீழேயும் சின்னதாய் ஒரு கறுப்புக் கட்டம். "கறுப்பெல்லாம் சுவர்" என்று எஞ்சினியர் பிள்ளை விளங்கப்படுத்தியது. "படியோடை சேர்த்து இதையும் இடிச்சு எடுக்கலாம்."

அந்தக் கறுப்புக்குள்ளேதான் என் கேத்தில் இருந்தது.

புதுக் கட்டடத்தில் தேடிப் பார்த்தேன். எனக்குப் படம் பார்க்கத் தெரியாவிட்டாலும் அடுப்பு வைக்க ஒரு மூலை இல்லை என்பது தெரிந்தது. அறை இல்லையென்றால் தேத்தண்ணீர் இல்லை. தேத்தண்ணீர் இல்லையென்றால் காலையில் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். வீட்டில் போய் யாருக்கு ஊற்றுவது? பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். என்னை ஒருநாளும் யாரும் போகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. தெரியாமலே இடித்துவிடப் போகிறார்கள்.

5. வாளியைக் கேட்டார்கள்

அன்று மூன்று மணித் தேத்தண்ணீருக்கு நான் அவர்களிடம் போகவில்லை. அவர்கள்தான் என் அறைக்கு வந்தார்கள். உள்ளே ஒருவர்தான் நிற்கலாம். கந்தசாமி அண்ணை உள்ளே, மற்ற இருவரும் வாசலில்.

"அக்கா, நீங்கள்தான் ரீச்சருக்குச் சொல்லவேணும்" என்றார் பாலா.

"நீங்கள் மூண்டு ஆம்பிளையள் இருக்கிறியள்."

"நாங்கள் சொன்னால் பொய் சொன்னதாப் போகும். நீங்கள் சொன்னால் கண்டுபிடிச்சதாப் போகும்."

"எனக்கு ரீச்சருக்கு முன்னாலை கதை வராது."

"அக்கா" என்று மரியநாயகம் தொடங்கினார், "இந்தக் கதையை எங்களுக்கு முதல் சொன்னது ஆர்?"

என் பங்குக்குக் குற்றம் இருந்தது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் விறாந்தையில் வாளியோடு நிற்கும்போது ரீச்சரும் எஞ்சினியர் பிள்ளையும் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். கடதாசியை அனுமதிக்காகக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, அனுப்ப முன் பிள்ளைக்கு ஒரு சந்தேகம்.

"ரீச்சர், வெளியாலை அளந்தால் கட்டடம் பெரிசு. உள்ளாலை கூட்டினால் குறையுது. பின்சுவர் ஏழு அடித் தடிப்பெண்டு வருகுது."

"வெள்ளைக்காரர் பலமாத்தான் கட்டுவினம்" என்றார் ரீச்சர்.

"ஏழு அடியோ ரீச்சர்? அதுக்குள்ளை யானை கட்டலாம்."

பாலா ஸ்ரூடியோ வாசலில் நின்று செருமினார். மரியநாயகம் மாதா படத்தைப் பார்த்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் வாளியைப் பார்த்துச் சொன்னேன்:

"கந்தசாமி அண்ணையின்ரை கடைக்கு ஆறு வாளி போகும் பிள்ளை."

"என்னம்மா?"

"கழுவ. கிழமைக்கு ஆறு வாளி ஊத்துறனான். உங்கடை கடதாசியிலை இருக்கிற கடைக்கு மூண்டு போதும்."

எஞ்சினியர் பிள்ளை கெட்டிக்காரி. என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பேனையை எடுத்தது.

"தையற்கடைக்கு?"

"நாலு. துணி தொங்கினாப் பிறகு ரெண்டு."

"ஸ்ரூடியோவுக்கு?"

"ஐஞ்சு. அருவிக்கு இஞ்சாலை ரெண்டு, அங்காலை மூண்டு."

பிள்ளை எழும்பிப் போய் அருவியை விலக்கிப் பார்த்தது. அங்கே பொம்பிளை மாப்பிளை இருந்து படமெடுக்கும் சிவப்புக் கதிரை. அதில் தலையணை. பாலா மத்தியானத்தில் படுக்கிற இடம் அது.

ரீச்சர் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். கந்தசாமி அண்ணை அவரிடம் படித்தவரில்லை, இருந்தும் வரிசையில் போய் நின்றார்.

"ஏன் செய்தனீங்கள்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் ரீச்சர்" என்றேன். "பெரிய கடையிலை வெட்டி எடுக்கலாமெண்டு பிள்ளை சொன்னதைக் கேட்டனான். அதை இவைக்குச் சொல்லிப் போட்டன்."

"அதுக்கு நான் ஏலாதெண்டு சொன்னனே. படியை வளவிலை போடச் சொன்னனே."

"அதுக்குள்ளை நான் இறங்கிட்டன்."

"முழுக்கக் கேட்டிட்டு இறங்கியிருக்கலாம்தானே?"

"நிண்டு கேக்கிறது மரியாதை இல்லைத்தானே ரீச்சர்."

எஞ்சினியர் பிள்ளை மஞ்சள் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது.

தகரங்களை அகற்றினார்கள். துணியை எடுத்தார்கள். அருவியைச் சுருட்டினார்கள். பிள்ளை திரும்பவும் எல்லாவற்றையும் அளந்தது. தைக்கிற பிள்ளைகள் சிவப்புப் பொட்டைக் கையில் பிடிக்கப் பார்த்தார்கள். கறுப்புச் சுவரெல்லாம் கடதாசியில் காணாமல் போனது. படிக்குக் கீழே இருந்த சின்னக் கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இனி ஒளிச்சு வைச்ச இடம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று பிள்ளை கேட்டது.

"இல்லை, இல்லை" என்றார்கள் மூன்று பேரும். கந்தசாமி அண்ணையும்தான். அவருக்குத் தன் கடை திரும்பக் கிடைத்த சந்தோசத்தில் நான் நினைவில் இல்லை.

பிள்ளை கடதாசியைச் சுருட்டத் தொடங்கியது. பாதிச் சுருள் வந்துவிட்டது. இன்னும் ஒரு சுற்று, அதன்பின் நான் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்டு இருக்கு பிள்ளை" என்றேன்.

"எங்கையம்மா?"

"படிக்குக் கீழை."

"அதுக்குள்ளை பழைய சாமான் கிடக்கெண்டு சொன்னவை."

"ஓம். அது நான்தான்."

கந்தசாமி அண்ணை இடுப்புச் சாரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிள்ளை கடதாசியை மறுபடி விரித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டது:

"எத்தினை வாளி?"

உள்ளது அரை வாளி. நாற்பது வருடமாக அரை வாளிதான் ஊற்றுகிறேன். என் வாயில் என்ன வந்தது என்றால்:

"ஒண்டு."

கருவியைப் பற்றி நான் மறந்துபோனேன். பிள்ளை கதவைத் திறந்து பொட்டை அடித்தது. கருவியைப் பார்த்தது, கடதாசியில் ஏதோ எழுதிப் பார்த்தது.

"அம்மா, மற்றக் கடையளின்ரை வாளியோடை வைச்சுப் பாத்தால் இது அரைதான் வருகுது."

நான் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூண்டு ஆம்பிளையள் இடத்தைக் குறைச்சுக் காட்டினவை" என்றார் ரீச்சர். "நீ ஒருத்திதான் கூட்டிச் சொன்னனி."

அவருக்கு முழங்கால் நோவு. இருந்தும் குனிந்து என் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அடுப்பு, கேத்தில், கோப்பைகள், கவிழ்த்த வாளி. இவ்வளவு வருடமாக அவர் குடித்த தேத்தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் பார்த்தார். வெளியே வரும்போது படி விளிம்பில் தலை இடித்துக்கொண்டது. தலையைத் தடவிக்கொண்டே எஞ்சினியர் பிள்ளைக்குச் சொன்னார்:

"ஒரு வாளி எண்டே கீறு பிள்ளை. யன்னலும் வை."

இப்போது கடதாசி கச்சேரியில் இருக்கிறது. அனுமதி வந்ததும் வேலை தொடங்கும் என்கிறார்கள். புதுக் கட்டடத்தில் வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அளக்கிற ஆட்கள் வந்தால் கதவை அகலத் திறந்துவிட்டு வாசலில் நில்லுங்கள். சீலை ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. கூச்சப்பட்டு உள்ளே இருந்தால் உங்களையும் சுவர் என்று கீறிவிடுவார்கள்.

ரீச்சர், அச்சுக்குக் கொடுக்க முன் இதை யாராவது ஒருவர் சரிபார்க்க வேண்டும். எஞ்சினியர் பிள்ளை முதல் வந்தது பொங்கலுக்கு முன்னா பின்னா என்று எனக்கு நிச்சயமில்லை. பின்சுவர் ஏழு அடியா எட்டு அடியா என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். வாளிகளை மட்டும் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். பாலா இப்போது தனக்கு எட்டு வாளி என்று சொல்லித் திரிகிறார். ஒரு வெள்ளிக்கிழமை யாராவது வந்து என்னோடு நின்று கழுவிப் பார்த்து எழுதட்டும்.